படைவீரர் கையில் கைது அதிகாரம்: மெக்சிகோவில் தற்காலிக ஏற்பாடு நிரந்தரமானது எப்படி?

2024 செப்டம்பர் 30 அன்று மெக்சிகோவின் அரசிதழில் ஓர் அரசியலமைப்புத் திருத்தம் வெளியானது. நாட்டின் தேசியக் காவல்படை இனிப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், அதாவது இராணுவத்தின் கீழ் இயங்கும் என்றும், அதன் உறுப்பினர்கள் காவல் பயிற்சி பெற்ற படைவீரர்களாக இருப்பார்கள் என்றும் அந்தத் திருத்தம் வகுத்தது. செய்தியைப் படித்த பலருக்கும் ஒரு குழப்பம் எழுந்திருக்கும். மெக்சிகோவின் சாலைகளில் 2006 முதலே சிப்பாய்கள் நிற்கிறார்கள். வண்டிகளை மறிக்கிறார்கள், வீடுகளைச் சோதிக்கிறார்கள், ஆட்களைப் பிடிக்கிறார்கள். பதினெட்டு ஆண்டுகளாக நடந்துவருவதை இப்போது எழுத்தில் வைத்ததால் என்ன மாறிவிடப் போகிறது?

இதற்கு விடை காண, காவல்துறை அதிகாரம் என்பதில் எவையெல்லாம் அடங்கும், அவற்றுள் எதைப் படைவீரருக்குக் கொடுக்க முடியும், எதைக் கொடுத்தாலும் பயனில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த அதிகாரம்?

காவல்துறை அதிகாரம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் குறைந்தது ஐந்து தனித்தனி அதிகாரங்கள் உள்ளன.

1. தடுத்து நிறுத்துதல். சாலையில் செல்பவரை நிறுத்தி அடையாளம் கேட்பதும் வண்டியை ஓரங்கட்டச் சொல்வதும் இதில் அடங்கும்.

2. கைது. குற்றம் செய்யும்போதே பிடிபட்டவரையோ, நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தவரையோ காவலில் எடுத்து, சட்டம் சொல்லும் கால எல்லைக்குள் உரிய அதிகாரியிடம் ஒப்படைப்பது. மெக்சிகோ அரசியலமைப்பின் 16ஆம் கூறு, பிடிபட்டவரைத் தாமதமின்றி வழக்குத்தொடுப்புத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது.

3. சோதனையும் பறிமுதலும்.

4. பலப்பிரயோகம். தடியிலிருந்து துப்பாக்கிவரை எதை, எப்போது, எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பது.

5. புலனாய்வு. சம்பவ இடத்தைக் காப்பது, சான்றுப் பொருள்களைக் கைமாறாமல் பாதுகாப்பது, சாட்சிகளிடம் வாக்குமூலம் பெறுவது, பணம் போன பாதையைத் தேடுவது, கடைசியில் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு ஈடுகொடுத்து நிற்பது ஆகிய எல்லாம் இதன்கீழ் வரும்.

முதல் நான்கையும் ஓர் ஆணையின் மூலம் எந்தச் சீருடைக்கும் வழங்கிவிடலாம். சில வாரப் பயிற்சியில் அவற்றின் புறத்தோற்றத்தையாவது கற்றுத்தரவும் முடியும். ஐந்தாவது அப்படி வருவதில்லை. அதற்கு ஆய்வகம் வேண்டும், ஆவணம் வேண்டும், ஒரே ஊரில் ஆண்டுக்கணக்கில் இருந்து அங்குள்ளவர்களை அறிந்த ஆட்கள் வேண்டும். கட்டளை வந்ததும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு இடம்பெயரும் படைப்பிரிவிடம் இவற்றை எதிர்பார்க்க முடியாது.

நான்காவதிலும் ஒரு சிக்கல் உண்டு. போரில் எதிரிப் படையைச் சேர்ந்தவர் சரணடையாதவரை, அந்த நொடியில் அவரால் ஆபத்து இல்லாவிட்டாலும் அவரைத் தாக்கப் போர்ச்சட்டம் இடம் தருகிறது. குற்றத் தடுப்பில் அந்த அனுமதி கிடையாது. எதிரே நிற்பவர் எவ்வளவு கொடியவர் என்று ஊரே சொன்னாலும், அவர் சந்தேக நபர் மட்டுமே. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் அவர்மீது சுடலாம். ஒரே துப்பாக்கியை ஏந்திய ஒரே ஆள், காலையில் முதல் விதிக்கும் மாலையில் இரண்டாம் விதிக்கும் கட்டுப்பட்டு நடப்பான் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது.

உள்நாட்டில் படையைப் பயன்படுத்துவதே தவறு என்று யாரும் சொல்வதில்லை. இந்தியாவின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, சட்டவிரோதக் கூட்டத்தை வேறு வழியில் கலைக்க முடியாதபோது நிர்வாக நடுவர் படையின் உதவியைக் கேட்கலாம். இலங்கையில் குடியரசுத் தலைவர் வர்த்தமானி வழியாகப் பொது ஒழுங்கைக் காக்கப் படையினரை அழைக்கலாம். இவை ஒரு நெருக்கடிக்கான அழைப்புகள். மெக்சிகோவில் நடந்ததோ அன்றாடக் குற்றத் தடுப்பையே படையின் பொறுப்பாக மாற்றுவது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

129ஆம் கூறு

1917இல் இயற்றப்பட்ட மெக்சிகோ அரசியலமைப்பின் 129ஆம் கூறு, அமைதிக் காலத்தில் எந்த இராணுவ அதிகாரியும் படை ஒழுங்கோடு நேரடித் தொடர்புடைய பணிகளைத் தவிர வேறெதையும் செய்யக் கூடாது என்றது. தளபதிகள் ஆட்சியைப் பிடிப்பதும் இழப்பதுமாக ஒரு நூற்றாண்டைக் கழித்த நாடு எழுதிக்கொண்ட வரி அது. அதன் பிறகும் மலைப்பகுதிகளில் கஞ்சா, அபின் செடிகளை அழிக்கப் படை அனுப்பப்பட்டது. 1970களில் குவெரேரோ மாநிலத்தில் கிளர்ச்சியாளர்களை ஒடுக்கவும் அனுப்பப்பட்டது. ஆனால் அவை விதிக்குப் புறம்பானவை என்ற உணர்வாவது மிஞ்சியிருந்தது.

1996இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தளர்த்தியது. சிவில் அதிகாரிகள் கேட்டுக்கொண்டால், அவர்களுடைய கட்டுப்பாட்டின்கீழ், பொதுப் பாதுகாப்பில் படை துணைபுரியலாம் என்று அது விளக்கம் தந்தது. சொல்லப்பட்ட நிபந்தனைகள் கடுமையானவைதாம். ஆனால் அவற்றை யார் மேற்பார்ப்பது என்பதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

2006: படையை ஏன் அழைத்தார்கள்?

2006 டிசம்பரில் பதவியேற்ற குடியரசுத் தலைவர் ஃபெலிப்பே கால்தெரோன், பத்து நாள்களுக்குள் தன் சொந்த மாநிலமான மிச்சோவாகானுக்கு ஆயிரக்கணக்கான படைவீரர்களையும் மத்தியக் காவலர்களையும் அனுப்பினார். போதைப்பொருள் கும்பல்களுக்கு எதிரான போர் என்று பின்னர் அழைக்கப்பட்டதன் தொடக்கம் அதுதான்.

இந்த முடிவை வெறும் அரசியல் நாடகம் என்று தள்ளிவிடுவது எளிது, சரியாகாது. மெக்சிகோவில் காவல்துறை மூன்று அடுக்குகளாக இருந்தது: நகராட்சி, மாநிலம், மத்திய அரசு. 2,400க்கும் மேற்பட்ட நகராட்சிகளில் மேயரின் கீழ் இயங்கிய உள்ளூர்க் காவலர்களுக்குச் சம்பளம் குறைவு, ஆயுதம் குறைவு, பயம் அதிகம். கும்பல் நீட்டும் பணத்தை வாங்க மறுத்தால் குடும்பத்தோடு சாக நேரிடும் ஊர்களில் நேர்மை என்பது தனிமனித வீரத்தைச் சார்ந்ததாகிவிடுகிறது. தமாவுலிபாஸ் மாநிலத்தின் சான் ஃபெர்னாந்தோ ஊரில் 2010இல் 72 புலம்பெயர்ந்தோர் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு அங்கே புதைகுழிகள் வெளிப்பட்டபோது, கும்பலுக்கு உடந்தையாக இருந்ததாக அந்த ஊர்க் காவலர்களே கைதானார்கள். மேல்தட்டும் சுத்தமாக இல்லை. கால்தெரோன் ஆட்சியில் பொதுப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஹெனாரோ கார்சியா லூனா, சினலோவா போதைப்பொருள் கும்பலிடம் லஞ்சம் வாங்கிய வழக்கில் 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தால் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, மறு ஆண்டு 38 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத்தண்டனை பெற்றார்.

இந்த நிலையில் மக்கள் படையை நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள். நாட்டின் புள்ளிவிவர நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் கருத்தாய்வில் கடற்படையும் தரைப்படையும் முதலிடங்களிலும், நகராட்சிக் காவலும் போக்குவரத்துக் காவலும் அடிமட்டத்திலும் வருவது வழக்கமாகிவிட்டது. இயந்திரத் துப்பாக்கியோடு வருபவனை எதிர்கொள்ள இயந்திரத் துப்பாக்கி வேண்டும் என்ற வாதத்துக்கும் ஆதாரம் உண்டு. 2019 அக்டோபரில் குலியாக்கான் நகரில், சினலோவா கும்பல் தலைவன் எல் சாப்போவின் மகன் ஓவிதியோ குஸ்மானைப் பிடித்த படையினர், நகரமே தீப்பற்றி எரிவதைப் பார்த்து அவரை விட்டுவிட நேர்ந்தது. 2023 ஜனவரியில் அவரை மீண்டும் பிடித்தபோது 10 படைவீரர்கள் உட்பட 29 பேர் இறந்தனர். இத்தகைய நடவடிக்கையைச் சாதாரணக் காவல் நிலையத்தால் செய்ய முடியாது.

ஆனால் படை என்பதாலேயே அது பணத்துக்கு மசியாது என்ற எண்ணத்துக்கு மெக்சிகோவிலேயே பழைய மறுப்பு இருக்கிறது. போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் தலைவராக நியமிக்கப்பட்ட தளபதி ஹெசூஸ் குத்தியெர்ரெஸ் ரெபோல்யோ, சில வாரங்களிலேயே ஒரு கும்பல் தலைவனுக்கு வேலை செய்ததாக 1997இல் கைதானார். நாட்டின் மிகக் கொடூரமான கும்பல்களில் ஒன்றான செத்தாஸ், சிறப்புப் படைப்பிரிவிலிருந்து ஓடிப்போனவர்கள் அமைத்ததுதான்.

ஒரு கிடங்கு, ஓர் அறிக்கை

2014 ஜூன் 30 அதிகாலை, மெக்சிகோ என்றே பெயர்கொண்ட மாநிலத்தின் தலத்லாயா நகராட்சியில், சாலையோரம் கட்டி முடிக்கப்படாத ஒரு கிடங்கில் 22 பேர் இறந்தார்கள். ரோந்து சென்ற வீரர்கள்மீது தாக்குதல் நடந்தது, வீரர்கள் திருப்பிச் சுட்டார்கள், கடத்தப்பட்டிருந்த மூன்று பெண்கள் மீட்கப்பட்டார்கள் என்று படை அறிக்கை வெளியிட்டது. படைத்தரப்பில் ஒருவருக்குக் காயம். 22க்கு ஒன்று என்ற இந்தக் கணக்கே கேள்வியை எழுப்பியிருக்க வேண்டும். மாநில அரசோ வீரர்களைப் பாராட்டியது.

சில நாள்கள் கழித்துக் கிடங்குக்குச் சென்ற செய்தியாளர்கள், நீண்ட துப்பாக்கிச் சண்டை நடந்ததற்கான தடயம் குறைவாக இருப்பதையும், சுவரில் மார்பளவு உயரத்தில் குண்டுத் துளைகளும் இரத்தக் கறையும் இருப்பதையும் கண்டார்கள். செப்டம்பரில், அந்த மூன்று பெண்களில் ஒருவரான, அங்கே மகளைப் பறிகொடுத்த தாய் வாய் திறந்தார். ஆயுதங்களைப் போட்டுச் சரணடைந்தவர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள் என்பது அவருடைய வாக்குமூலம். தேசிய மனித உரிமை ஆணையம் விசாரித்து, 12 முதல் 15 பேர்வரை சண்டை முடிந்த பிறகு கொல்லப்பட்டதாகக் கூறியது. உயிர்பிழைத்த பெண்களை, படைத்தரப்புக் கதைக்கு ஒத்துப்போகும்படி மாநில வழக்குத்தொடுப்புத் துறையினர் துன்புறுத்தியதும் வெளிவந்தது.

ஓராண்டு கழித்து ஒரு மனித உரிமை அமைப்பு இன்னோர் ஆவணத்தை வெளியிட்டது. அந்தப் படைப்பிரிவுக்குச் சம்பவத்துக்குச் சில வாரங்கள் முன்பு வந்த எழுத்து ஆணை அது: இரவில் பெருமளவில் இயங்க வேண்டும், பகலில் நடமாட்டத்தைக் குறைக்க வேண்டும், இருள் நேரத்தில் குற்றவாளிகளை வீழ்த்த வேண்டும். கைது செய்வதைப் பற்றி அந்த வரியில் பேச்சே இல்லை. கொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளான வீரர்கள் போதிய சான்று இல்லை என்று 2016க்குள் விடுவிக்கப்பட்டனர். வழக்கு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இழுத்தது.

எந்த நாட்டுக் காவல்துறையும் சுட்டுக்கொன்றுவிட்டு மோதல் என்று எழுதிவைக்கும் வல்லமை உடையதுதான். தமிழ் வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தலத்லாயாவைத் தனித்துக் காட்டுவது அந்த ஆணை. கீழ்மட்டத்தில் யாரோ சிலர் வரம்பு மீறினார்கள் என்று கைகழுவ முடியாதபடி, இரவில் வீழ்த்துவது என்பது பணி விவரமாகவே மேலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. எதிரியை அழிக்கப் பழகிய அமைப்பு, தான் பழகிய மொழியில்தான் கட்டளை எழுதும். அதே 2014இல், மோதல்களில் இறந்த பொதுமக்களின் எண்ணிக்கையை வெளியிடுவதையும் பாதுகாப்பு அமைச்சகம் நிறுத்திக்கொண்டது.

சட்டம் நடைமுறையைத் துரத்திய கதை

தெருவில் இருக்கும் படைக்குச் சட்டத்தில் ஓர் இடம் வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் தளபதிகளே என்பது கவனிக்கத்தக்கது. நாளை வழக்கு வந்தால் தங்கள் வீரர்கள் எந்தச் சட்டத்தின்கீழ் நின்றார்கள் என்று சொல்வது என்பது அவர்களுடைய கவலை. அதற்குப் பின் நடந்தவற்றை வரிசைப்படுத்தினால் இந்தக் கதையின் போக்கு புரியும்.

1. 2017 டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒரு பகுதியை அறிவித்தால் அங்கே படை செயல்படலாம் என்றது அது.

2. 2018 நவம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை முழுவதுமாகச் செல்லாது என்றது.

3. அதே மாதத்தில், அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம், 2009இல் சிவாவா மாநிலத்தில் படையினரால் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமல்போன மூவரின் வழக்கில், அல்வராதோ எஸ்பினோசா வழக்கு என அறியப்படுவதில், தீர்ப்பளித்தது. படையைப் பொதுப் பாதுகாப்பில் பயன்படுத்துவது விதிவிலக்காகவும் தற்காலிகமாகவும் இருக்க வேண்டும். சிவில் அதிகாரிகளுக்குக் கீழ்ப்பட்டு அவர்களுக்குத் துணையாக மட்டும் இருக்க வேண்டும். சட்டத்தால் வரையறுக்கப்பட வேண்டும். சிவில் அமைப்புகளால் கண்காணிக்கப்பட வேண்டும் என்பவை அது விதித்த நிபந்தனைகள்.

4. வீரர்களைப் படைமுகாம்களுக்குத் திருப்பி அனுப்புவதாக ஒரு காலத்தில் பேசிவந்த ஆந்த்ரேஸ் மனுவேல் லோபெஸ் ஒப்ரதோர் 2018 டிசம்பரில் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். 2019 மார்ச்சில் அரசியலமைப்பைத் திருத்தித் தேசியக் காவல்படையை உருவாக்கினார். அது சிவில் அமைப்பு என்று அரசியலமைப்பின் 21ஆம் கூறில் எழுதப்பட்டது. அது வளரும்வரை ஐந்தாண்டுகளுக்கு மட்டும் படையைப் பயன்படுத்தலாம் என்ற இடைக்கால விதியும் சேர்க்கப்பட்டது. நீதிமன்றத்தின் நிபந்தனைகள் அந்த விதியில் ஏறக்குறைய அப்படியே இடம்பெற்றன.

5. பெயரளவில் சிவில் அமைப்பான காவல்படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தரைப்படை, கடற்படைக் காவலர்கள். முதல் தளபதியும் இராணுவ அதிகாரிதான். மத்தியக் காவல்துறை 2019 இறுதிக்குள் கலைக்கப்பட்டது.

6. 2022 செப்டம்பரில் சாதாரணச் சட்டத்தின் மூலம் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டது. நவம்பரில் ஐந்தாண்டு என்பது ஒன்பதாண்டாக, 2028வரை நீண்டது.

7. 2023 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அந்த மாற்றத்தை அரசியலமைப்புக்கு முரணானது என்றது.

8. நீதிமன்றம் அரசியலமைப்பைக் காட்டியதால், அரசியலமைப்பையே மாற்றுவது என்று முடிவாயிற்று. 2024 செப்டம்பரில் அது நடந்தது.

இந்தத் திருத்தம் தொட்ட கூறுகளில் மூன்று முக்கியமானவை. 21ஆம் கூறு காவல்படையைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வைத்தது. வழக்குத்தொடுப்புத் துறையின் வழிகாட்டலில் புலனாய்வு செய்யும் அதிகாரத்தையும் கொடுத்தது. 89ஆம் கூறு, பொதுப் பாதுகாப்புக்குத் துணையாக நிரந்தரப் படைகளைப் பயன்படுத்தக் குடியரசுத் தலைவருக்கு வழிவிட்டது. 129ஆம் கூறிலோ, படை ஒழுங்கோடு நேரடித் தொடர்புடைய பணி என்ற பழைய எல்லை நீங்கி, அரசியலமைப்பும் அதிலிருந்து பிறக்கும் சட்டங்களும் சொல்லும் பணிகள் என்ற வரி வந்தது. சாதாரணச் சட்டம் ஒன்று போதும், படைக்கு எந்தப் பணியையும் கொடுக்கலாம் என்பதே இதன் பொருள். நூறாண்டு வேலியை இடித்தவர்கள் அந்த இடத்தில் ஒரு கதவை வைத்துச் சாவியை நாடாளுமன்றப் பெரும்பான்மையிடம் கொடுத்துவிட்டார்கள்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. 2024க்கு முன்பு படை தெருவில் நின்றது சட்டத்தோடு உரசியபடி. ஒருவர் நீதிமன்றம் சென்றால் வெல்ல வாய்ப்பு இருந்தது, வென்றும் இருக்கிறார்கள். அந்த வாய்ப்பு போய்விட்டது. திருத்தம் வந்து சுமார் ஒரு மாதத்தில், 2024 அக்டோபர் 31 அன்று, அரசியலமைப்புத் திருத்தங்களை எதிர்த்து வழக்குத் தொடுக்க முடியாது என்று இன்னொரு திருத்தமும் வெளியானது.

பலன் என்ன?

மெக்சிகோவில் 2007இல் 8,867 பேர் கொல்லப்பட்டதாகப் புள்ளிவிவர நிறுவனம் பதிவு செய்தது. 2011இல் அது 27,213. 2018இல் 36,685. காணாமல்போனோரின் அதிகாரபூர்வப் பதிவேடு 2022 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு, படை வந்ததால்தான் கொலை பெருகியது என்று நேர்க்கோடு போடுவது அவசரம். அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்த துப்பாக்கிகள், கடத்தல் பாதைகளுக்காகக் கும்பல்களுக்குள் நடந்த போட்டி, மாநில அரசுகளின் சீரழிவு எல்லாம் கலந்திருக்கின்றன. ஆனால் ஒரு தொடர்பை மறுப்பது கடினம். படைக்குத் தெரிந்த வெற்றி, தலைவனைப் பிடிப்பது அல்லது கொல்வது. 2009 டிசம்பரில் குவெர்னவாக்கா நகரில் கடற்படையினர் ஆர்துரோ பெல்த்ரான் லெய்வாவைக் கொன்றார்கள். அவருடைய கும்பல் சிதறி, அதன் துண்டுகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கின. எல்லை கடந்து சரக்கு அனுப்பிய ஒரு நிறுவனத்தின் இடத்தில், கடைக்காரரிடம் மாமூல் கேட்கும் பல சிறு கும்பல்கள் வந்தன. தலைவனைத் தேடிப் பிடிக்கப் படை உதவும். கடைக்காரர் துணிந்து புகார் கொடுக்க, அதைப் பதிவுசெய்ய, பணம் வாங்க வந்தவனை அடையாளம் கண்டு வழக்கை முடிக்க, காவல் நிலையம் வேண்டும். மெக்சிகோவில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குற்றங்கள் புகாராகப் போவதே இல்லை, அல்லது அவற்றின்மீது விசாரணை தொடங்குவதில்லை.

இங்கே ஹலிஸ்கோ மாநிலத்தின் தெயுச்சித்லான் பண்ணையைப் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பரில் தேசியக் காவல்படையினர் அந்தப் பண்ணைக்குள் நுழைந்து பத்துப் பேரைக் கைது செய்தார்கள், பிடித்துவைக்கப்பட்டிருந்த இருவரை மீட்டார்கள், ஓர் உடலைக் கண்டெடுத்தார்கள். படைநோக்கில் இது வெற்றிகரமான நடவடிக்கை. இடம் மாநில வழக்குத்தொடுப்புத் துறையிடம் போனது. ஆறு மாதம் கழித்து, 2025 மார்ச்சில், காணாமல்போன தங்கள் பிள்ளைகளைத் தேடும் உறவினர் குழு ஒன்று மண்வெட்டியோடு அதே பண்ணைக்குள் போனபோது, நூற்றுக்கணக்கான காலணிகளும் பைகளும் துணிமணிகளும் எரிந்த எலும்புத் துண்டுகளும் கிடைத்தன. மாநில அதிகாரிகள் கைரேகைகூட எடுக்கவில்லை என்று மத்திய வழக்குத்தொடுப்புத் துறைத் தலைவர் குற்றஞ்சாட்டினார்.

காவல்படை தன்னிடம் எதிர்பார்க்கப்பட்டதைச் செய்தது. தவறு அதற்கு அடுத்த கட்டத்தில். ஆனால் பதினெட்டு ஆண்டுகளாகப் பணமும் கவனமும் முதல் கட்டத்துக்கே போனால் அடுத்த கட்டம் இப்படித்தான் இருக்கும். பூட்டை உடைத்து உள்ளே போக ஆள் இருந்தது. உள்ளே கிடந்த காலணிகளை எண்ண ஆள் இல்லை.

யார் கேள்வி கேட்பது?

கைது அதிகாரத்தைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. அதைத் தவறாகப் பயன்படுத்தியவரை எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்பதும் சேர்ந்தே வரும் கேள்வி. 1974இல் குவெரேரோவில் இராணுவச் சோதனைச் சாவடியில் பிடிபட்டுக் காணாமல்போன ரொசெந்தோ ராதில்யாவின் வழக்கில், பொதுமக்களுக்கு எதிரான மீறல்களை இராணுவ நீதிமன்றங்கள் விசாரிக்கக் கூடாது என்று 2009இல் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான நீதிமன்றம் கூறியது. 2014இல் மெக்சிகோ தன் இராணுவ நீதிச் சட்டத்தை அதற்கேற்பத் திருத்தியது. சட்டத்தில் இது பெரிய முன்னேற்றம். நடைமுறையில், சம்பவ இடத்துக்கு முதலில் வருபவரும், முதல் அறிக்கையை எழுதுபவரும், ஆவணங்களை வைத்திருப்பவரும் படையே என்றால், சிவில் நீதிமன்றத்தின் கைக்கு வருவது படை கொடுப்பது மட்டும்தான். தலத்லாயாவில் ஒரு தாய் பேசியிராவிட்டால் அந்த முதல் அறிக்கையே வரலாறாகியிருக்கும்.

2019இல் இயற்றப்பட்ட பலப்பிரயோகச் சட்டமும் கைதுப் பதிவேட்டுச் சட்டமும் இந்தக் குறையைப் பார்த்தே வந்தவை. பிடிபட்டவரின் விவரத்தை உடனே மின்னணுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்; குடும்பத்தினர் அதில் தேடிப் பார்க்கலாம். காகிதத்தில் நல்ல ஏற்பாடு.

2024 அக்டோபர் 1 அன்று திருத்தம் நடைமுறைக்கு வந்தது. கிளாவுடியா ஷெயின்பாம் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதும் அன்றுதான். அன்றிரவு சியாபாஸ் மாநிலத்தில், வெடிச்சத்தம் கேட்டதாகச் சொல்லி, நிற்காமல் சென்ற சரக்கு வண்டியின்மீது படையினர் சுட்டார்கள். வண்டியில் இருந்தவர்கள் எல்லை கடந்து வந்த புலம்பெயர்வோர். ஆறு பேர் இறந்தார்கள். நிற்காத வண்டி என்பது காவலருக்குத் துரத்த வேண்டிய வண்டி. சுட்டவர்களுக்கு அது வேறொன்றாகத் தெரிந்தது.

முகாமுக்குத் திரும்பும் வழி

ஒவ்வொரு முறையும் படையை அழைத்தவர்கள் சொன்ன காரணம், காவல்துறையைச் சீரமைக்கும்வரை என்பது. சீரமைப்பு ஏன் நடக்கவில்லை என்பதற்குச் சதி எதுவும் தேவையில்லை. வரவுசெலவுத் திட்டம் போதும். படை தெருவில் இருக்கும்வரை மேயருக்கும் ஆளுநருக்கும் காவல்துறைக்குச் செலவிட அவசரம் இல்லை. மத்திய அரசுக்கும் இல்லை: நகராட்சிக் காவலுக்கு வழங்கப்பட்டுவந்த சிறப்பு மானியம் 2021 வரவுசெலவுத் திட்டத்தில் நீக்கப்பட்டது. மத்தியக் காவல்துறையைக் கலைத்தபோது, அதன் ஊழலோடு, அது சேர்த்துவைத்திருந்த புலனாய்வு அனுபவமும் கலைந்தது. இதற்கிடையே படைக்கு விமான நிலையம், ரயில் பாதை, சுங்கத்துறை, ஒரு விமான நிறுவனம் என்று பொறுப்புகள் கூடிக்கொண்டே போயின. ஒவ்வொன்றும் படையை விலக்கிக்கொள்வதை இன்னும் கடினமாக்கும்.

ஷெயின்பாம் அரசு இதை ஓரளவு உணர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. காவல்துறைப் பின்புலம் உள்ள ஒமார் கார்சியா ஹார்ஃபூச்சைப் பொதுப் பாதுகாப்பு அமைச்சராக்கி, அவருடைய சிவில் அமைச்சகத்துக்குப் புலனாய்வு அதிகாரத்தையும் அது பெற்றுத்தந்தது. 2025இல் கொலைகள் குறைந்ததாக அரசுக் கணக்கு காட்டுகிறது. காணாமல்போவோரின் எண்ணிக்கை குறையாதவரை அந்தக் கணக்கை எச்சரிக்கையோடு படிப்பதே நல்லது. எனினும், எல்லாத் தெருவையும் படையிடம் ஒப்படைத்துவிட்ட ஒரு நாடு, வழக்கை முடிக்க மறுபடி காவலர்களைத் தேடுகிறது என்பது பதிவுசெய்ய வேண்டிய செய்தி.

இடைக்கால விதியின்படி தரைப்படையும் கடற்படையும் 2028 மார்ச்சில் தெருவைவிட்டு விலக வேண்டும். தேசியக் காவல்படைக்கு அந்தத் தேதி பொருந்தாது; அது நிரந்தரம் என்று அரசியலமைப்பே சொல்லிவிட்டது. தரைப்படைக்கும் கடற்படைக்கும்கூட, 89ஆம் கூறின் புதிய வரியைக் கொண்டு ஒரு சாதாரணச் சட்டத்தை இயற்றினால் அந்தத் தேதி வெறும் நாள்காட்டிக் குறிப்பாகிவிடும்.